சொடுக்கு என்னும் வினை: உலாவித் தானியக்கச் சோதனை பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

கணிப்பொறித் திரையிலோ கைப்பேசியிலோ தோன்றும் பொத்தான் ஒன்றனைச் சொடுக்குதல் இந்நாளில் எழுத்தறிந்தார் பலரும் நாள்தோறும் பன்முறை செய்யும் செயலாகும். சொடுக்குவார் அச்செயலைப் பற்றி எண்ணுவதில்லை. விரல் படுகிறது, பக்கம் மாறுகிறது. ஆயின், அதே செயலை மனிதனுக்கு மாற்றாக நிரல் ஒன்று செய்ய வேண்டுமெனின், மனிதன் எண்ணாது செய்தவை அனைத்தும் எண்ணிச் சொல்லப்பட வேண்டியனவாகின்றன.

இணையத்தளம் அமைப்போர் தம் பக்கங்கள் பிழையின்றி இயங்குகின்றனவா என அறிதற்கு ஒவ்வொரு முறையும் ஆள் வைத்துச் சொடுக்கிப் பார்த்தல் இயலாது. ஒரு பக்கத்தில் செய்யும் சிறு மாற்றம் மற்றொரு பக்கத்தைக் கெடுத்தலும் உண்டு. ஆகவே, உலாவியைத் தானே திறந்து, பெட்டிகளில் எழுத்திட்டு, பொத்தான்களைச் சொடுக்கி, விளைவை ஒப்பிட்டுப் பார்த்து, 'சரி' என்றோ 'பிழை' என்றோ கூறும் நிரல்களை எழுதி வைக்கின்றனர். இதனைத் தானியக்கச் சோதனை என்பர்.

இலக்கிய ஆய்வாளர்க்கு இதில் என்ன தொடர்பு என வினவலாம். சொல்லடைவுகளும் அகராதிகளும் நூற்பதிப்புகளும் இன்று இணையத்தில் இடம்பெற்றுள்ளன. அவற்றை நம்பியே மாணவர் பலர் ஆய்வேடு எழுதுகின்றனர். அத்தகைய சொல்லடைவுத் தளம் ஒன்றன் ஆக்கத்தில் சொற்களைச் சரிபார்க்கும் பணி எனக்கு வாய்த்திருந்தது. அத்தளத்திற்கு இரவுதோறும் தானியக்கச் சோதனை நிகழ்ந்தது. காலைதோறும் 'எல்லாம் சரி' என்னும் அறிக்கை வந்தது. அதே நாள்களில், கைப்பேசி வழியாகத் தேடிய மாணவர் சிலர், 'சொல் தேடுக' என்னும் பொத்தான் வேலை செய்யவில்லை எனக் குறை கூறினர். மூன்று கிழமை வரை அவர் கூற்றை எவரும் ஏற்றிலர், யானும் ஏற்றிலேன். அறிக்கை எழுத்தில் இருந்தது. மாணவர் குறை வாய்மொழியாக இருந்தது. யாம் எழுத்தை நம்பினோம். மாணவரே உண்மை கூறினர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நன்கு எழுதப்பட்ட சோதனை எங்ஙனம் பொய்ச்சான்று ஆகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் முதனிலைகள்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டிய முதனிலைகளை எட்டாக வகுத்துள்ளார். வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. எல்லாத் தொழிலிலும் இவ்வெட்டும் வந்தே தீரும் என்னும் கட்டாயம் இல்லை. வழக்கினுள் குறையத் தக்கவை குறையும் என்பதும் அவர் கொள்கை. பின்வந்த நன்னூலார் வினையின் இலக்கணம் கூறுமிடத்துச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறனையே கூறினார். இன்னதற்கு, இது பயன் என்னும் இரண்டும் அவ்வாறனுள் இல்லை.

பழைய இலக்கணம் கணிப்பொறியை முன்னறிந்தது எனக் கூறுதல் என் கருத்தன்று. அஃது ஆராய்ச்சிக்கு ஒவ்வாத கூற்று. ஒரு செயலைப் பகுத்துக் காண்டற்கு இவ்வெட்டும் தக்க அளவுகோல் என்பது ஒன்றே ஈண்டுக் கொள்ளத்தக்கது. சோதனை எழுதுவார்க்கு நேரும் பிழைகளை வகைப்படுத்தி நோக்கினால், ஒவ்வொன்றும் இவ்வெட்டனுள் ஒன்றை மறந்ததன் விளைவாதல் புலனாகும்.

கருவிகளின் வரலாறு

பொருளுள் புகுமுன் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் என்பார், தம் அலுவலகத்துள் வழங்கிய நேர, செலவுக் கணக்குச் செயலியைச் சோதித்தற்பொருட்டுச் செலினியம் என்னும் கருவியை உருவாக்கினார். இது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டு, உலாவியின் உள்ளேயே இயங்கியது. உள்ளிருந்து இயங்கியமையின், உலாவி தன் பாதுகாப்புக்கென விதித்த தடைகள் இதனையும் கட்டுப்படுத்தின. மனிதன் சொடுக்குங்கால் நிகழ்வனவற்றை இஃது ஓரளவு போலச் செய்ததேயன்றி முற்றும் நிகழ்த்தவில்லை.

அதன்பின் சைமன் ஸ்டூவர்ட் என்பார் வெப்டிரைவர் என்னும் கருவியை ஆக்கினார். இஃது உலாவியைப் புறத்திருந்து செலுத்தும் முறையினது. இவ்விரு முயற்சிகளையும் ஒன்றாக்கும் முடிவு 2009ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் இரண்டும் இணைந்த செலினியம் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம், 2018 சூன் 5ஆம் நாள், வெப்டிரைவரைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. இதனால், சொடுக்கு என்பது யாது என்னும் வினாவிற்கு எல்லா உலாவிகட்கும் பொதுவான விடை எழுத்தில் அமைந்தது. 2020ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பிளேரைட் என்னும் மற்றொரு கருவியை வெளியிட்டது. இவ்விரண்டுமே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

வினையும் செய்வதும்

சொடுக்குதல் என்னும் சொல் விரலை நொடித்து ஒலி எழுப்புதலையும் குறிக்கும். கணத்தில் முடிந்துவிடும் செயல் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே உளது. உலாவியின் நோக்கில் இஃது ஒரு செயல் அன்று; பல செயல்களின் தொடர். சுட்டி உறுப்பின்மேல் நகர்கிறது, அழுத்தப்படுகிறது, விடப்படுகிறது, இவை முறையே நிகழ்ந்த பின்னரே 'சொடுக்கு' என்னும் நிகழ்வு பிறக்கிறது. அழுத்திய இடம் ஓர் உறுப்பாகவும் விட்ட இடம் வேறோர் உறுப்பாகவும் இருப்பின், பொத்தானுக்குச் சொடுக்கு நிகழ்வதில்லை. பொத்தானை அழுத்தியபின் மனம் மாறி, விரலை அப்பால் நகர்த்தி விடுவார் தப்பித்துக்கொள்வது இதனாலேயாகும்.

செய்வது யாது எனின், சோதனையில் அது நிரல். நிரலுக்குக் கண் இல்லை, ஐயம் இல்லை, பொறுமையின்மையும் இல்லை. பொத்தான் மங்கியிருப்பின் மனிதன் சற்றே தயங்குவான்; பக்கம் அசையின் அசைவு நிற்கும்வரை காத்திருப்பான். இவை அனைத்தும் நிரலுக்குக் கற்பிக்கப்பட வேண்டும். மனிதன் இயல்பாகச் செய்யும் இச்செயல்களுள் எவற்றைக் கற்பித்தோம், எவற்றை விடுத்தோம் என்பதே சோதனையின் தரத்தை முடிவுசெய்கிறது.

செயப்படுபொருள்

எதனைச் சொடுக்குவது என்பது முதற்சிக்கல். வலைப்பக்கம் என்பது உறுப்புகள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய அமைப்பு. அதனுள் வேண்டிய பொத்தானைச் சுட்டுதற்குப் பல வழிகள் உள்ளன. 'மூன்றாம் பகுதியுள் இரண்டாம் வரிசையில் உள்ள முதற் பொத்தான்' என இடம் கூறிச் சுட்டலாம். 'இப்பெயருடைய பொத்தான்' எனப் பெயர் கூறியும் சுட்டலாம். முதல்வழி, நூலொன்றின் அடியைப் பக்க எண்ணாலும் வரி எண்ணாலும் மேற்கோள் காட்டுதலை ஒக்கும். மறுபதிப்பு வந்தவுடன் அவ்வெண்கள் பயனற்றுப் போகும். இரண்டாம் வழி பாட்டெண் கூறுதலை ஒக்கும். பதிப்பு மாறினும் அது நிற்கும். இக்காரணத்தால், பயனர் காணும் பெயரையும், அது பொத்தானா இணைப்பா என்னும் வகையையும் கொண்டு உறுப்பைச் சுட்டுதலே தக்கது என இக்கால அறிஞர் கொள்கின்றனர்.

பெயர் கூறிச் சுட்டுமிடத்துத் தமிழுக்கே உரிய ஓர் இடர் உண்டு. யூனிகோடு முறையில் 'சொ' என்னும் எழுத்தை இருவகையாகக் குறித்தல் கூடும். சகரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுதல் ஒரு வகை. எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்து இடுதல் மற்றொரு வகை. ஓகார, ஔகாரக் குறிகட்கும் இவ்விருமை உண்டு. திரையில் இருவகையும் ஒன்றாகவே தோன்றும். படிப்பார்க்கு வேறுபாடு தெரியாது. யூனிகோடு முறையும் இவ்விரண்டனையும் தம்முள் நிகரானவை என்றே கொள்கிறது. ஆயின், எழுத்தெழுத்தாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்களாகும்.

எம் தளத்தில் இது நேர்ந்தது. பொத்தானின்மேல் 'சொல் தேடுக' என ஒருவர் ஒருவகைக் குறியீட்டால் எழுதினார். சோதனையில் மற்றொருவர் மற்றொரு வகையால் எழுதினார். 'அவ்வுறுப்பு இல்லை' எனச் சோதனை கூறியது. கண்முன் நிற்கும் பொத்தானை இல்லை என்று கருவி கூறியது கண்டு யாவரும் வியந்தனர். இதற்குத் தீர்வு எளியது. யூனிகோடு வகுத்த இயல்புவடிவாக்க முறையால் இருபுறத்துச் சொற்களையும் ஒரே வடிவிற்கு மாற்றியபின் ஒப்பிடுதல் வேண்டும். 'ஔ' என்னும் உயிரெழுத்தை ஒகரமும் ளகரமுமாக 'ஒள' எனத் தட்டெழுதும் வழக்கோ இதனின் வேறானது. அவை தம்முள் நிகரானவை அல்ல. ஆதலின் இயல்புவடிவாக்கம் அதனைத் திருத்தாது. அங்கே எழுதுவாரே திருந்துதல் வேண்டும். இந்நிகழ்ச்சி வேறொரு தீங்கையும் விளைத்தது. கருவி வீணே பிழை கூறும் என்னும் எண்ணம் சோதனை எழுதியோர் உள்ளத்தில் வேரூன்றியது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

உறுப்பைக் கண்டறிந்தபின்னும் ஓர் இடர் உளது. இக்கால வலைப்பக்கங்கள் தம் பகுதிகளை அடிக்கடி தாமே அழித்து மீண்டும் எழுதுகின்றன. நிரல் பற்றியிருந்த பொத்தான் அழிக்கப்பட்டு, அதே தோற்றமுடைய புதிய பொத்தான் அவ்விடத்தில் நிற்றல் கூடும். அந்நிலையில் வெப்டிரைவர், பற்றியிருந்த சுட்டு பழையதாயிற்று எனப் பிழை கூறும். உறுப்பை முன்னரே கண்டு வைத்தலைத் தவிர்த்து, சொடுக்கும் வேளையில் மீண்டும் தேடுதல் இதற்கு மருந்தாகும். பிளேரைட் கருவி ஒவ்வொரு செயலின்போதும் உறுப்பைப் புதிதாகத் தேடுகிறது. தேடலுக்குப் பல உறுப்புகள் பொருந்தின், எதனையும் சொடுக்காது பிழை கூறுகிறது.

நிலம்

உறுப்பின் எவ்விடத்தைச் சொடுக்குவது என்பது அடுத்த வினா. வெப்டிரைவர் தரம் இதனைத் திட்டமாக வரையறுத்துள்ளது. முதற்கண், உறுப்பு திரைக்குள் வருமாறு பக்கம் உருட்டப்படும். உருட்டியும் திரைக்குள் வாராதாயின், அவ்வுறுப்பு இயக்கத்திற்கு உரியதன்று எனப் பிழை கூறப்படும். திரைக்குள் வந்ததாயின், உறுப்பு நிரப்பும் செவ்வகத்தில் கண்ணுக்குப்படும் பகுதியின் நடுப்புள்ளி கணக்கிடப்படும். நீண்ட இணைப்பு ஒன்று இரண்டு வரிகளில் மடிந்து நிற்பின் செவ்வகம் இரண்டாகும். அவற்றுள் முதலாவதே கொள்ளப்படும்.

அந்நடுப்புள்ளியில் யாவற்றினும் மேலாக நிற்பது எது என்பது பின்னர் நோக்கப்படும். அது குறித்த உறுப்பாகவோ அதன் உள்ளுறுப்பாகவோ இருத்தல் வேண்டும். வேறோர் உறுப்பு மேலே கவிந்திருப்பின், சொடுக்கு இடைமறிக்கப்பட்டது எனப் பிழை கூறப்படும். மனிதன் அவ்விடத்தைத் தொட்டிருப்பின் அவன் விரல் மேலுள்ளதையே தொட்டிருக்கும். கீழுள்ள பொத்தானை எட்டியிராது. ஆதலின் இப்பிழை கருவியின் குறையன்று. தளத்தின் குறையைக் காட்டும் அறிகுறி. எம் தளத்தின் உண்மை இவ்விடத்தேதான் ஒளிந்திருந்தது.

காலம்

தானியக்கச் சோதனையில் மிகுதியான தொல்லை தருவது காலமே. பக்கம் முழுதும் வந்து சேருமுன் நிரல் சொடுக்க முற்படும். பொத்தான் இன்னும் தோன்றியிராது. அடுத்த முறை பக்கம் விரைந்து வரும். அதே சோதனை வெற்றி பெறும். ஒன்றும் மாறாதிருக்கவே ஒருநாள் வெற்றியும் மறுநாள் தோல்வியும் காட்டும் சோதனையை எவரும் நம்புவதில்லை.

இதனைத் தவிர்க்கக் கருதிப் பலர், 'ஐந்து நொடி நில்' என நிரலில் எழுதிவிடுகின்றனர். இஃது இருவகையிலும் தீது. பக்கம் ஒரு நொடியில் வரின் நான்கு நொடி வீணாகும். ஆறு நொடியில் வரின் ஐந்தும் பயனற்றுப் போகும். 200 சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து நொடி நிற்பின், காத்திருப்பிற்கு மட்டும் 1,000 நொடிகள், அஃதாவது பதினாறு நிமிடங்களுக்கு மேல், கழியும்.

காலத்தை எண்ணாது நிலையை நோக்கிக் காத்தலே நெறி. 'பொத்தான் தோன்றும்வரை காத்திரு. மிகுதியாகப் பத்து நொடி' என எழுதுதல் வேண்டும். வெப்டிரைவர் தரத்தில் உறுப்பைத் தேடுதற்குரிய இயல்பான காத்திருப்பு சுழியமே. எழுதுவார் கூறினாலன்றி அது காத்திராது. பிளேரைட் கருவியோ சொடுக்குமுன் தானே சில நிலைகளை ஆராய்கிறது. உறுப்பு ஒன்றே பொருந்துகிறதா, கண்ணுக்குப் புலனாகிறதா, அசைவற்று நிற்கிறதா, தொடுகையை ஏற்கும் நிலையில் மேலாக உள்ளதா, முடக்கப்படாமல் உள்ளதா என்பன அவை. அசைவின்மையை அறிதற்கு, திரை அடுத்தடுத்து இருமுறை வரையப்படும்போதும் உறுப்பு அதே இடத்தில் அதே அளவில் உளதா என்று பார்க்கிறது. பக்கவாட்டிலிருந்து வழுக்கி வரும் பட்டியலை மனிதன் நிற்கும்வரை பார்த்துத் தொடுவது போன்றதே இது.

கருவி

சொடுக்குதற்கு இருவகைக் கருவிகள் உள்ளன. சுட்டியை நகர்த்தி, அழுத்தி, விடும் செயல்களை உலாவியே நிகழ்த்துமாறு புறத்திருந்து ஏவுதல் ஒன்று. பக்கத்துள் ஜாவாஸ்கிரிப்ட் வரி ஒன்றைப் புகுத்தி, 'இவ்வுறுப்பு சொடுக்கப்பட்டது' என அறிவித்துவிடுதல் மற்றொன்று. முன்னையது கதவைத் தட்டித் திறந்து உள்ளே செல்லுதல். பின்னையது உள்ளிருப்பவரிடம் 'வந்துவிட்டேன்' எனச் சொல்லியனுப்புதல்.

இவ்வேறுபாட்டை உலாவியே அறியும். ஒவ்வொரு நிகழ்விற்கும், அஃது உலாவியால் எழுப்பப்பட்டதா நிரலால் எழுப்பப்பட்டதா என்பதைக் காட்டும் நம்பகக் குறிப்பு ஒன்று உண்டு. முதல்வகைச் சொடுக்கில் அக்குறிப்பு 'மெய்' என நிற்கும். இரண்டாம் வகையில் 'பொய்' என நிற்கும். இரண்டாம் வகையில் சுட்டி நகர்தலும் அழுத்தலும் விடுதலும் நிகழ்வதில்லை. உறுப்பு திரைக்குள் உளதா, மறைக்கப்பட்டதா என்னும் ஆராய்ச்சியும் இல்லை. அஃதாவது நிலம் என்னும் முதனிலை முற்றும் நீக்கப்படுகிறது.

எம் தளத்தில் நிகழ்ந்தது இதுவே. குக்கீ பற்றிய அறிவிப்புப் பட்டை ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. அது திரையின் அடியில் நிலையாக நின்றது. மேசைக் கணிப்பொறியில் அதனால் தீங்கில்லை. 'ஏற்கிறேன்' என்பதனைச் சொடுக்கின் பட்டை மறைந்தது. கைப்பேசியிலோ, அப்பட்டை 'சொல் தேடுக' என்னும் பொத்தானை முழுதும் மறைத்தது. ஏற்கும் பொத்தானும் திரை விளிம்பிற்கு அப்பால் சென்றிருந்தது. கைப்பேசி அளவில் நிகழ்ந்த சோதனை அன்றிரவே இதனைக் கண்டது. சொடுக்கு இடைமறிக்கப்பட்டது எனக் கூறவும் செய்தது. சோதனையைப் பேணிவந்த இளைஞர், எழுத்துக் குறியீட்டால் முன்னர் நேர்ந்த வீண்பிழைகளை நினைந்து, இதுவும் அத்தகையதே எனக் கருதினார். அவ்வொரு வரியை ஜாவாஸ்கிரிப்ட் சொடுக்காக மாற்றினார். மறுநாள் அறிக்கை பசுமையாக வந்தது. பசுமை நிறம் கண்டு யாவரும் மகிழ்ந்தோம். அவரைக் குறை கூறுதல் முறையன்று. அறிக்கையின் நிறத்தையன்றி வேறெதனையும் அவரிடம் யாம் கேட்டிலோம்.

ஜாவாஸ்கிரிப்ட் சொடுக்கு எஞ்ஞான்றும் தவறு எனக் கூறுதற்கில்லை. சோதிக்க வேண்டிய பொருள் வேறாக, அதனை அடைதற்கு வழியில் உள்ள பக்கத்தை விரைந்து கடக்க வேண்டியவிடத்து அது பயன்படலாம். பிளேரைட் கருவியிலும் ஆராய்ச்சிகளைக் கடந்து வலிந்து சொடுக்கும் விருப்பத்தேர்வு ஒன்றுண்டு. அவற்றைப் பயன்படுத்துவார், தாம் எம்முதனிலையை நீக்கினர் என்பதையும் அதன் காரணத்தையும் அவ்வரியின் அருகே எழுதி வைத்தல் கடமையாகும். மூலபாடத்தைத் திருத்தும் பதிப்பாசிரியர் திருத்தத்தை அடிக்குறிப்பிற் காட்டுதல் போன்றது இது. காட்டாது திருத்தின், படிப்பார் திருத்தத்தையே மூலமெனக் கொள்வர்.

இன்னதற்கு

நன்னூலார் கூறாது தொல்காப்பியர் கூறிய இரு முதனிலைகளுள் இது முதலாவது. யார்பொருட்டு இச்செயல் நிகழ்கிறது? சோதனை, தளத்தைப் பயன்படுத்துவார்பொருட்டு நிகழ்கிறது. அவரை மறந்து, அறிக்கைபொருட்டு நிகழ்த்தின் அது சடங்காகிவிடும்.

முறைப்படி சொடுக்கும் சோதனையும் மனிதனை முற்றும் ஒவ்வாது என்பதை ஈண்டு நினைதல் வேண்டும். கருவி எப்போதும் நடுப்புள்ளியையே பிழையின்றித் தொடும். பொத்தான் எத்துணைச் சிறியதாயினும் அதற்கு இடர்ப்பாடு இல்லை. முதியவர் விரலோ, நடுங்கும் கையோ அங்ஙனம் தொடாது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்த அணுகல்தன்மை நெறிகள், தொடுதற்குரிய இடம் அகலத்திலும் உயரத்திலும் குறைந்தது 24 படப்புள்ளி அளவினதாக இருத்தல் வேண்டும் எனச் சில விலக்குகளுடன் கூறுகின்றன. இது சொடுக்கும் சோதனையால் தானே வெளிப்படாது. தனியே அளந்து பார்த்தல் வேண்டும்.

சுட்டியைப் பயன்படுத்த இயலாதாரும் உளர். பார்வையற்றோர் திரைபடிப்பான் துணையால் விசைப்பலகை வழியே பக்கத்துள் செல்கின்றனர். பொத்தான் போன்ற தோற்றம் மட்டும் தரப்பட்ட வெறும் பகுதி ஒன்று சுட்டிக்குப் பணியும், விசைப்பலகைக்குப் பணியாது. அதனைப் பொத்தான் எனத் திரைபடிப்பான் கூறவும் செய்யாது. உறுப்பை அதன் வகையாலும் பெயராலும் தேடும் சோதனை, அத்தகைய போலிப் பொத்தானைக் காணாது பிழை கூறும். தேடும் முறையிலேயே பயனரை நினைதற்கு இஃது ஒரு சான்று.

இது பயன்

சொடுக்கு நிகழ்ந்தது என்பதனால் பயன் விளைந்தது என்பது பெறப்படாது. முடக்கப்பட்ட பொத்தானை வெப்டிரைவர் வழியாகச் சொடுக்கினால் கருவி பிழை கூறுவதில்லை. ஒன்றும் நிகழ்வதும் இல்லை. சோதனை அவ்வரியோடு முடியுமாயின் அது வெற்றி என்றே எண்ணப்படும். ஆதலின், சொடுக்கிய பின்னர், சொடுக்கியதன் பயன் பக்கத்தில் தோன்றியதா எனக் காண்டல் இன்றியமையாதது. 'சொல் தேடுக' என்பதனைச் சொடுக்கின், தேடிய சொல் வரும் இடங்களின் பட்டியல் தோன்றுதல் வேண்டும். அப்பட்டியலில் முன்னரே அறியப்பட்ட ஓர் இடமேனும் இருத்தல் வேண்டும். பட்டியல் தோன்றியது என்பதோடு நிற்பின், வெறும் பட்டியலும் வெற்றியாகிவிடும்.

எம் சோதனை இம்முதனிலையை முறையாகவே ஆராய்ந்தது என்பது குறிக்கத்தக்கது. பட்டியலையும் பார்த்தது, சொற்களையும் ஒப்பிட்டது, யாவும் சரியாகவே இருந்தன. பயன் ஆராயப்பட்டும் நிலம் விடுபட்டமையின் சான்று பொய்யாயிற்று. ஓர் உறுப்பின் நிறைவு மற்றோர் உறுப்பின் குறையை ஈடுசெய்யாது என்பது இதனாற் போதரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சொடுக்கு என்பது எளிய ஒருவினை போலத் தோன்றினும் எட்டு முதனிலைகளால் அமைந்தது என்பதும், சோதனையில் நேரும் பிழை ஒவ்வொன்றும் அவற்றுள் ஒன்றன் குறைவால் விளைவது என்பதும் தெளிவாகும். பேச்சு வழக்கில் குறையத் தக்கவை குறையலாம். கேட்பார் தம் அறிவால் நிரப்பிக்கொள்வர். நிரலுக்கு அவ்வறிவு இல்லை. எழுதுவார் விடுத்ததை அது நிரப்பாது. விடுபட்டது என்று சொல்லவும் செய்யாது.

அறிவிப்புப் பட்டையின் அமைப்பு ஒரே நாளில் திருத்தப்பட்டது. சோதனையிலும் பழைய முறைச் சொடுக்கு மீண்டும் இடம்பெற்றது. குறை கூறிய மாணவருள் ஒருவர், ஆய்வேட்டின் சொற்பகுதியைத் தளத்தின் உதவியின்றி, அச்சிட்ட சொல்லடைவை நூலகத்தில் இருந்து கையால் எழுதியே முடித்திருந்தார். அவரிடம் யான் வருத்தம் தெரிவித்தபோது, 'ஐயா, அன்று ஒருமுறை என் கைப்பேசியை வாங்கிப் பார்த்திருக்கலாமே' என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்று மாணவர் எவரேனும் அத்தளத்தில் குறை கூறின், அறிக்கையைத் திறக்குமுன் அவர் கைப்பேசியை வாங்கிப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கிறேன்.